பழைய பெட்ரோல் காரில் புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்கள்: கழற்றும் வரிசை, சோதிக்கும் முறை, திரும்பப் பூட்டும் முறை

பழைய காரை மாற்றியமைக்கத் தொடங்குகிறவர்கள் பானெட்டைத் திறந்ததும் முதலில் கை வைப்பது, எதற்கென்று தெரியாத ஹோஸ்களிலும் சிறிய வால்வுகளிலும்தான். "இதெல்லாம் எஞ்சினை அடைக்கிறது, எடுத்துவிட்டால் பிக்கப் கூடும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு, மறுநாள் ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் மெதுவாக ஓடும் நிலை) நிற்காத காரோடு வந்து நிற்பவர்களைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

இந்த வழிகாட்டி, ஏறக்குறைய 1995 முதல் 2005 வரை விற்கப்பட்ட பெட்ரோல் கார்களுக்கானது. மாருதி 800 போன்ற சிறிய கார்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். இதன் நோக்கம் இந்தப் பாகங்களைத் தூக்கி எறிவது அன்று. ஒவ்வொன்றாகக் கழற்றி, சோதித்து, சுத்தம் செய்து அல்லது புதிதாக மாற்றி, அதே இடத்தில் பூட்டுவதுதான். வேலை எஞ்சினில் தொடங்கி சைலன்சரை நோக்கிச் செல்ல வேண்டும். பெரும்பாலானோர் பின்னாலிருந்து தொடங்குகிறார்கள். அதனால்தான் பணமும் போகிறது, பழுதும் தீர்வதில்லை.

1. காரின் தரநிலையையும் சட்டத்தின் வரம்பையும் முதலில் உறுதி செய்யுங்கள்

ஆர்.சி. புத்தகத்தில் உற்பத்தி மாதமும் ஆண்டும் இருக்கும். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், அதாவது புகையிலுள்ள நச்சு வாயுக்களை மாற்றும் டப்பா, கட்டாயமானது. பாரத் ஸ்டேஜ் 2 புகை விதிகள் சென்னைக்கு 2001இலும் நாடு முழுவதற்கும் 2005 ஏப்ரலிலும் வந்தன. ஆகவே ஒரே ஆண்டில் விற்கப்பட்ட இரண்டு கார்களில் ஒன்றில் இருக்கும் பாகம் மற்றொன்றில் இல்லாமல் இருக்கலாம். நண்பரின் காரைப் பார்த்து உங்கள் காரில் பாகம் குறைகிறது என்றோ கூடுதலாக இருக்கிறது என்றோ முடிவு செய்யாதீர்கள். பானெட்டின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் வேக்குவம் (எஞ்சினின் உறிஞ்சல்) ஹோஸ் வரைபடமும் சர்வீஸ் கையேடும்தான் சான்று.

புகைச் சோதனையின் வரம்பும் இதைப் பொறுத்தே மாறும். பாரத் ஸ்டேஜ் 2க்கு முந்தைய நான்கு சக்கர பெட்ரோல் வாகனம் ஐடிலில் 3 சதவீதம் கார்பன் மோனாக்சைடு, 1500 பி.பி.எம். ஹைட்ரோகார்பன் வரை வெளிவிடலாம். பாரத் ஸ்டேஜ் 2, 3 வாகனங்களுக்கு அந்த வரம்பு 0.5 சதவீதமும் 750 பி.பி.எம்.மும் ஆகும். முதல் வகைக் காரை நல்ல டியூனிங்கால் மட்டுமே வரம்புக்குள் கொண்டுவந்துவிட முடியும். இரண்டாவது வகையில் கன்வெர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் சரியாக வேலை செய்யாமல் 0.5 சதவீதத்தில் நிலைத்து நிற்பது மிகவும் கடினம்.

சட்டத்தையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். காற்று மாசு வரம்பை மீறினால் 190ஆம் பிரிவும் சேரும். பதினைந்து ஆண்டு முடிந்த காரைப் பதிவு புதுப்பிக்க எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டும்போது புகை அளவு கட்டாயம் பார்க்கப்படும். இவற்றையெல்லாம் விடவும், அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது நம் தெருவில் நடக்கும் பிள்ளைகள்தான் என்பதை நான் மறக்க விரும்பவில்லை.

2. கையில் இருக்க வேண்டியவை

வேக்குவம் கேஜ், கையால் இழுக்கும் வேக்குவம் பம்ப், டிஜிட்டல் மல்ட்டிமீட்டர் ஆகிய மூன்றும் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். இவை இல்லாதவர் ஊகத்தில் பாகம் மாற்றுவார்; தேவையில்லாமல் மாற்றும் ஒரே ஒரு சென்சாரின் விலையில் இவற்றை வாங்கிவிடலாம்.

இவற்றுடன் கம்ப்ரஷன் கேஜ், கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே, துருப் போல்ட்டை இளக்கும் ஸ்ப்ரே, கம்பி பிரஷ், டார்க் ரெஞ்ச், ஆக்சிஜன் சென்சாருக்கு 22 மில்லிமீட்டர் ஸ்பேனர், மாஸ்கிங் டேப், பேனா, தூசி முகக்கவசம் ஆகியவை தேவை. காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி அடியில் படுக்கக் கூடாது. இரண்டு ஸ்டாண்டுகள் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பெட்ரோல் ஆவி புழங்கும் வேலை என்பதால் தீயணைப்பானைக் கை எட்டும் தூரத்தில் வையுங்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட்டிச் சோதிக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

கேஸ்கெட்டுகள், ஹோஸ் கிளிப்புகள், வேக்குவம் ஹோஸ் ஆகியவற்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். இருபது ஆண்டு வெயிலில் காய்ந்த ரப்பர், கழற்றும்போது நுனியில் கட்டாயம் கிழியும். கடைக்கு ஓடும் நேரத்தில் திறந்து கிடக்கும் துளையில் தூசி விழும்.

3. எதையும் தொடுவதற்கு முன் ஓர் அளவு எடுங்கள்

வேலைக்கு முந்தைய நிலை தெரியாவிட்டால், வேலை பயன் தந்ததா என்று சொல்ல முடியாது. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ரேடியேட்டர் ஃபேன் ஒரு முறையாவது ஓடி நின்ற பிறகு, நான்கு வாயுக்களையும் அளக்கும் கருவி உள்ள புகைச் சோதனை மையத்தில் ஓர் அளவு எடுத்து, அச்சுத்தாளை வாங்கி வையுங்கள். சான்றிதழ் தேவையில்லை, அளவு மட்டும் போதும் என்று சொன்னாலே பெரும்பாலும் செய்து தருவார்கள். குளிர்ந்த எஞ்சினில் எடுத்த அளவு எதற்கும் உதவாது, ஏனெனில் அந்த நேரத்தில் கலவையைக் கெட்டியாக வைப்பதே எஞ்சினின் இயல்பு.

நான்கு எண்களையும் சேர்த்து வாசிக்கப் பழகுங்கள். புதியவர்கள் கார்பன் மோனாக்சைடை மட்டும் பார்த்துவிட்டு மற்ற மூன்றையும் விட்டுவிடுகிறார்கள். கார்பன் மோனாக்சைடு கூடி, ஆக்சிஜன் மிகக் குறைவாக இருந்தால் கலவையில் பெட்ரோல் அதிகம். ஹைட்ரோகார்பன் கூடி, கார்பன் மோனாக்சைடு இயல்பாக இருந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கிறது, அதாவது அதில் பெட்ரோல் எரியாமல் போகிறது. பிளக், வயர், கம்ப்ரஷன் ஆகியவற்றைப் பாருங்கள். ஹைட்ரோகார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்து கூடி, கார்பன் மோனாக்சைடு குறைந்திருந்தால் எங்கோ வேக்குவம் கசிகிறது. காற்று அதிகமாகிப் பற்றாமல் போகிறது. கார்பன் டை ஆக்சைடு 13 முதல் 15 சதவீதம் வரை இருப்பது எரிதல் நன்றாக நடக்கிறது என்பதற்கு அடையாளம். அது குறைந்து ஆக்சிஜன் மட்டும் கூடியிருந்தால், சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்து வெளிக்காற்று கலந்திருக்கவும் கூடும்.

அதே நாளில் வேக்குவம் கேஜை, எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டி ஐடில் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்தை ஒட்டிய ஊர்களில் நல்ல எஞ்சின் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் காட்டும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இது இயல்பாகவே குறையும்.

4. படம் எடுத்து, எண்ணிட்டு, பிறகு கழற்றுங்கள்

எஞ்சின் ஆறிய பின் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஒவ்வொரு ஹோஸின் இரு முனைகளிலும், அது மாட்டியிருக்கும் குழாயிலும் ஒரே எண்ணை டேப்பில் எழுதி ஒட்டுங்கள். கைப்பேசியில் படம் மட்டும் எடுத்தால் போதும் என்று நினைப்பவர்கள், ஒரே நிறத்தில் ஒரே தடிமனில் நான்கு ஹோஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறையும் இடத்தில்தான் திணறுவார்கள்.

இந்தக் கட்டத்திலேயே ஏற்கெனவே காணாமல் போன பாகங்களைக் கணக்கெடுங்கள். பழைய கார்களில் முந்தைய உரிமையாளரோ மெக்கானிக்கோ ஏதாவது ஒரு ஹோஸைப் போல்ட் வைத்து அடைத்திருப்பார். கேஸ் கிட் போட்டு எடுத்த கார்களில் ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் இடையில் மிக்சர் வளையம் அப்படியே கிடக்கும். அது உற்பத்தியாளர் வைத்த பாகம் அன்று. பெட்ரோலில் ஓட்டும்போது காற்றுப் பாதையைக் குறுக்கும் அதைத் தாராளமாக எடுத்துவிடலாம். ஆனால் கிட் முழுவதையும் எடுத்தால், ஆர்.சி.யில் எரிபொருள் விவரத்தை மாற்றப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

இனி வரும் படிகளில் ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டுமே கழற்றி, சோதித்து, பூட்டி, எஞ்சினை ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள். இரண்டைச் சேர்த்துக் கழற்றினால், புதிதாகத் தோன்றும் பழுது எதனால் வந்தது என்று கண்டறிய முடியாது.

5. எஞ்சினின் அடிப்படையைச் சரி செய்யுங்கள்

பிளக், பிளக் வயர், ஏர் ஃபில்டர், வால்வ் கிளியரன்ஸ், இக்னிஷன் டைமிங், கம்ப்ரஷன் ஆகிய ஆறையும் கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவாருங்கள். கம்ப்ரஷனில் சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் போனால், புகைப் பாகங்களைத் தொடும் முன் எஞ்சின் வேலையைத்தான் பார்க்க வேண்டும்.

கன்வெர்ட்டர் உள்ள காரில் ஒரு பழக்கத்தைக் கட்டாயம் விட வேண்டும். எந்தச் சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று பார்க்க, ஓடும் எஞ்சினில் பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது நம் பட்டறைகளில் வழக்கம். அப்போது எரியாத பெட்ரோல் நேராகக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. சில விநாடிகளுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் செய்யாமலே, கம்ப்ரஷன் கேஜையும் பிளக்கின் நிறத்தையும் நம்புங்கள். காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் இதே காரணத்தால் தவறு.

6. பி.சி.வி. வால்வு

பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுக்களை எஞ்சினுக்குள்ளேயே திருப்பி எரிக்கும் சிறிய வால்வு இது. வால்வ் கவருக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் இடையில் இருக்கும். இதைக் கழற்றி, ஹோஸைக் கீழே தொங்கவிடுவது அடிக்கடி பார்க்கும் தவறு. மேனிஃபோல்டின் துளை திறந்திருந்தால் அளக்கப்படாத காற்று உள்ளே போய் ஐடில் கெடும். துளையை அடைத்துவிட்டால், கிராங்க்கேஸில் ஈரமும் அமிலமும் தேங்கி ஆயில் களிம்பாகும், அழுத்தம் கூடி ஆயில் சீல்கள் ஒழுகும்.

வால்வைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம் வர வேண்டும். வால்வ் கவர் பக்கத்து முனையில் ஒரு குழாயைப் பொருத்தி ஊதினால் காற்று எளிதாகப் போக வேண்டும். மேனிஃபோல்டுப் பக்கத்திலிருந்து ஊதினால் மிகச் சிறிதே போக வேண்டும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது வால்வின் திறந்த முனையை விரலால் மூடினால், விரலை இழுக்கும் உறிஞ்சலும் ஒரு மெல்லிய தட்டும் உணரப்பட வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் மாற்றிவிடுங்கள். சுத்தம் செய்து மீட்கும் அளவுக்கு இது விலையுயர்ந்த பாகம் அன்று.

7. கரி டப்பாவும் பர்ஜ் வால்வும்

பெட்ரோல் டேங்கில் எழும் ஆவியைக் கரித்துகள்களில் பிடித்துவைத்து, எஞ்சின் ஓடும்போது சிறிது சிறிதாக இன்டேக்குக்கு அனுப்புவது கேனிஸ்டர் என்னும் கரி டப்பா. இடத்தை அடைக்கிறது என்று இதை எடுத்துவிட்டு டேங்க் ஹோஸை அடைப்பவர்களுக்கு ஒரு விசித்திரமான பழுது வரும். கார் ஊருக்குள் நன்றாக ஓடும். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் போனால் இழுவை குறைந்து திக்கும். டேங்க் மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்று உள்ளே போகும், கார் மறுபடியும் சரியாகும். டேங்க்குக்கு மூச்சு விட வழியில்லாமல் போனதுதான் காரணம்.

டேங்க் பக்கத்து முனையில் மெதுவாக ஊதினால், கேனிஸ்டரின் காற்றுத் துளை வழியாக வெளிவர வேண்டும். வாயால் உறிஞ்சிப் பார்க்க வேண்டாம். பெட்ரோல் ஆவி நேராக நுரையீரலுக்குப் போகும். பர்ஜ் வால்வு மின் இணைப்பில்லாதபோது மூடியிருக்க வேண்டும், 12 வோல்ட் கொடுத்தால் டக்கென்று திறக்க வேண்டும். வால்விலோ ஹோஸிலோ கருமையான குருணைகள் கிடந்தால், கேனிஸ்டர் உள்ளே உடைந்துவிட்டது. வால்வை மட்டும் மாற்றினால் ஒரு வாரத்தில் மறுபடியும் அடைக்கும்.

பங்கில் கன் தானாக நின்ற பிறகும் கணக்கு ரூபாய்க்குச் சரிசெய்ய மேலும் மேலும் ஊற்றுவதுதான் கேனிஸ்டரைக் கெடுக்கும் முதல் காரணம். ஆவி போக வேண்டிய குழாயில் பெட்ரோலே போய்க் கரியை நனைத்துவிடுகிறது.

8. இ.ஜி.ஆர். வால்வு

உங்கள் காரில் இது இல்லாவிட்டால் அடுத்த படிக்குச் செல்லுங்கள். இருந்தால், எரிந்த வாயுவில் ஒரு சிறு பங்கை மறுபடியும் உள்ளே அனுப்பி எரியும் வெப்பத்தைக் குறைப்பது இதன் வேலை. வெப்பம் குறைந்தால் நைட்ரஜன் ஆக்சைடுகள் குறையும்.

தகட்டை வெட்டி இதை அடைத்தால் பவர் கூடும் என்பது மிகப் பரவலான நம்பிக்கை. ஆனால் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது இந்த வால்வு எப்படியும் மூடியே இருக்கும். ஆகவே அடைப்பதால் அங்கே பெற எதுவும் இல்லை. பாதி மிதியில் ஓடும்போது வால்வு திறந்திருக்கும் என்று கணக்கிட்டுத்தான் டைமிங் அட்வான்ஸ் (தீப்பொறியை முன்கூட்டியே விடும் அளவு) வைத்திருக்கிறார்கள். வால்வை அடைத்தால் அந்த அட்வான்ஸ் கூடுதலாகி, மேடு ஏறும்போது நாக்கிங் (எஞ்சின் தட்டும் சத்தம்) கேட்கும்.

சூடான எஞ்சின் ஐடிலில் ஓடும்போது, கை பம்பால் வால்வின் டயாஃப்ரத்துக்கு வேக்குவம் கொடுங்கள். எஞ்சின் தடுமாற வேண்டும் அல்லது நின்றுவிட வேண்டும். பம்பின் முள் இறங்கினால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. முள் நின்றும் எஞ்சினில் எந்த மாற்றமும் இல்லையென்றால் பாதை கரியால் அடைபட்டிருக்கிறது, கழற்றிச் சுரண்டுங்கள். கிளீனர் டயாஃப்ரத்தின் ரப்பரில் படக் கூடாது. மேனிஃபோல்டுப் பாதையைச் சுரண்டும்போது உதிரும் கரியை வாக்குவம் கிளீனரால் உடனே இழுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது வால்வ் சீட்டில் போய் உட்காரும். பூட்டும்போது புதிய கேஸ்கெட்.

9. ஆக்சிஜன் சென்சார்

எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும்) கார்களில் அதிகம் தவறாகக் குற்றம் சாட்டப்படும் பாகம் இதுதான். எஞ்சினிலிருந்து வரும் புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைப் பார்த்து, பெட்ரோல் கூடவா குறையவா என்று எஞ்சினின் கணினியான இ.சி.எம்.முக்குச் சொல்வது இதன் வேலை. சுமார் 300 டிகிரி செல்சியஸுக்குச் சூடான பிறகே இது பேசத் தொடங்கும்.

சோதிக்க, கனெக்டரின் பின்புறம் மெல்லிய ஊசியைச் செருகி மல்ட்டிமீட்டரை இணையுங்கள். வயரின் உறையைக் குத்தாதீர்கள், மழைநீர் ஏறி ஓராண்டில் வயர் உள்ளேயே மக்கும். எஞ்சினைச் சூடாக்கி நிமிடத்துக்கு 2500 சுற்றில் நிறுத்தினால், 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையில் எண் ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். பத்து விநாடிகளில் எட்டு முறையேனும் மாற வேண்டும். ஒரு வேக்குவம் ஹோஸைச் சற்றுக் கழற்றினால் எண் உடனே கீழே விழ வேண்டும். அப்படி விழுந்து, பிறகு எழுந்தால் சென்சார் நலமாக இருக்கிறது.

எண் 0.1 வோல்ட்டிலேயே நின்றால், சென்சாரை வாங்க ஓடும் முன் சென்சாருக்கு முன்னால் உள்ள இணைப்புகளைப் பாருங்கள். 2002இல் சென்னையில் பதிவான ஒரு மாருதி 800 என்னிடம் வந்தது. கார்பன் மோனாக்சைடு 2.8 சதவீதம். கன்வெர்ட்டர் செத்துவிட்டது என்று ஒரு பட்டறையில் சொல்ல, அந்த இளைஞர் டப்பாவை வெட்டி உள்ளிருந்த தேன்கூட்டை உடைத்துக் கொட்டி மறுபடியும் வெல்டிங் செய்து வைத்திருந்தார். புகை அளவு மாறவேயில்லை. எக்சாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட் ஓரத்தில், ஒரு விரல்நகத்தின் அகலத்தில், மை தடவியதுபோல் கருப்புக் கோடு இருந்தது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் டிக் டிக் என்று சத்தம்; சூடானதும் நின்றுவிடும். அந்த விரிசல் வழியாக வெளிக்காற்று உள்ளே போனதால், சென்சார் ஆக்சிஜன் அதிகம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. இ.சி.எம். அதை நம்பிப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருந்தது. கேஸ்கெட்டை மாற்றியதும் சென்சார் ஏறி இறங்கத் தொடங்கியது, அளவு 0.7க்கு வந்தது. அதற்குக் கீழே கொண்டுவர வேண்டிய கன்வெர்ட்டர்தான் இல்லை. சில நூறு ரூபாய்க் கேஸ்கெட்டில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு அவர் புதிய கன்வெர்ட்டர் வாங்கினார். அன்று அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான், இந்த வரிசையை எல்லோரிடமும் அழுத்திச் சொல்லத் தொடங்கினேன்.

சென்சாரை மாற்றியே ஆக வேண்டுமென்றால், எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது கழற்றுங்கள். முற்றிலும் குளிர்ந்த நிலையில் மரை பிய்ந்து வரும். புதிய சென்சாரின் மரையில் மட்டும் ஆன்டி சீஸ் (மரை இறுகிப்போகாமல் காக்கும் பசை) தடவுங்கள், நுனியில் எதுவும் படக் கூடாது. எஞ்சினில் வேறு எங்கும் சாதாரண சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளிப் பூசாதீர்கள். அதன் ஆவியே சென்சாரைச் சாகடிக்கும்.

10. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்

இதுவரை சொன்ன அனைத்தும் சரியான பிறகே இதைத் தொட வேண்டும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய செராமிக் தேன்கூடு இது. தானாகத் தேய்ந்து போவது குறைவு. பெரும்பாலும் முன்னால் உள்ள ஒரு பழுதுதான் இதைக் கொல்கிறது. மிஸ் அடிக்கும் சிலிண்டரின் பெட்ரோல் இதை உருக்குகிறது, ரிங் தேய்ந்த எஞ்சினின் ஆயில் இதை மூடுகிறது, ஹெட் கேஸ்கெட் வழியாகக் கசியும் கூலன்ட் இதைப் பூசி அடைக்கிறது. காரணத்தை விட்டுவிட்டுப் புதியதை மாட்டினால், அதுவும் அதே வழியில் போகும்.

காரிலிருந்து கழற்றாமலே மூன்று சோதனைகள் செய்யலாம். குளிர்ந்த டப்பாவை ரப்பர் சுத்தியால் மெதுவாகத் தட்டினால் கலகலவென்றால் தேன்கூடு உடைந்திருக்கிறது. வேக்குவம் கேஜை மாட்டி எஞ்சினை 2500 சுற்றில் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். முள் முதலில் ஏறிப் பிறகு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் புகை வெளியேற வழியின்றித் தேங்குகிறது. மூன்றாவதாக, ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிய துளையில் அழுத்தக் கேஜை மாட்டுங்கள். 2500 சுற்றில் 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் போனால் அடைப்பு உறுதி. இந்த மூன்றிலும் தேறிய கன்வெர்ட்டரில் அடைப்பு இல்லை. பவர் குறைவுக்கு வேறு இடத்தில் தேடுங்கள்.

கழற்றத்தான் வேண்டுமென்றால், முந்தைய இரவே ஃபிளாஞ்ச் நட்டுகளுக்குத் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊற விடுங்கள். பொறுமையில்லாமல் நீளக் குழாயைப் போட்டு நெம்புகிறவர்கள் ஸ்டட்டை உடைத்துவிட்டு, டிரில் போட்டு எடுக்க ஒரு நாளைச் செலவிடுகிறார்கள். கேஸ் வைத்துச் சூடாக்குவதாக இருந்தால், பெட்ரோல் பைப்பும் பிரேக் ஹோஸும் எங்கே போகின்றன என்று பார்த்த பிறகே செய்யுங்கள். உடைந்த தேன்கூட்டின் தூசி மூச்சில் போகக் கூடாது, முகக்கவசம் அணியுங்கள்.

டார்ச் அடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பாருங்கள். உருகிய தேன்கூட்டை தின்னரிலோ சோப்பு நீரிலோ ஊறவைத்து மீட்க முடியாது. பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் கன்வெர்ட்டரும் நம்பத்தக்கது அன்று. பார்க்க நன்றாக இருந்தாலும் பூச்சு செத்திருக்கலாம், கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை. பழைய கன்வெர்ட்டரை நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்பவர்கள் விலை தருவது அதிலுள்ள உலோகங்களுக்காக. வேலை செய்யும் கன்வெர்ட்டரை அந்த ஆசைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

புதியது உங்கள் எஞ்சின் கொள்ளளவுக்கும் தரநிலைக்கும் உரியதா என்று பார்த்து வாங்குங்கள். டப்பாவின் மேல் அம்புக்குறி புகை போகும் திசையைக் காட்ட வேண்டும். வெல்டிங் தேவைப்பட்டால், பேட்டரியைக் கழற்றாமல் யாரையும் அருகில் விடாதீர்கள். வெப்பக் காப்புத் தகடுகளைத் தேவையற்ற சத்தம் என்று கழற்றிப் போடுகிறார்கள். காய்ந்த புல்லின் மேல் காரை நிறுத்தும்போது அந்தத் தகடுதான் தீயைத் தடுக்கிறது.

11. ஹெடர், சைலன்சர் மாற்றுகிறவர்களுக்கு

மாற்றியமைக்கும் ஆசை தவறு அன்று. அதைச் செய்யும் இடம் சரியாக இருக்க வேண்டும். ஹெடர், அதாவது ஒவ்வொரு சிலிண்டரின் புகையையும் தனிக் குழாயில் எடுத்துப் பின்னால் சேர்க்கும் அமைப்பு, பொருத்தினால், எல்லாச் சிலிண்டர்களின் குழாய்களும் சேர்ந்த பின் வரும் இடத்தில் சென்சார் துளை இருக்க வேண்டும். ஒரே சிலிண்டரின் குழாயில் துளை வைத்தால், இ.சி.எம். அந்த ஒரு சிலிண்டரைப் பார்த்து மற்றவற்றுக்கும் பெட்ரோல் அளக்கும். சென்சாரை எஞ்சினிலிருந்து வெகுதூரம் தள்ளினால் அது சூடாக நேரமாகும், ஐடிலில் ஆறியும் போகும்.

சைலன்சர் மாற்றுகிறவர்கள் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள பகுதியோடு நின்றுகொள்ளுங்கள். சத்தத்துக்கும் தனி வரம்பு உண்டு என்பதை நினைவில் வையுங்கள். எஞ்சினையே மாற்றுவதாக இருந்தால், வேலை தொடங்கும் முன் போக்குவரத்து அலுவலகத்தில் முன் அனுமதி பெற வேண்டும். முடித்துவிட்டுப் போய்க் கேட்பவர்கள் எஃப்.சி.யில் மாட்டிக்கொண்டு பழைய எஞ்சினைத் தேடி அலைவதைக் கண்டிருக்கிறேன்.

12. மறுபடியும் அளவு எடுங்கள்

பேட்டரியைக் கழற்றியதால் இ.சி.எம். கற்றுவைத்திருந்த திருத்தங்கள் அழிந்திருக்கும். ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலுமாக ஐம்பது கிலோமீட்டராவது ஓட்டிய பிறகு, அதே மையத்தில், அதே சூட்டில் இரண்டாவது அளவு எடுங்கள். பூட்டிய அன்றே சோதனைக்கு ஓடி, அளவு சரியில்லை என்று மறுபடியும் கழற்றத் தொடங்குவது புதியவர்களின் கடைசித் தவறு.

இரண்டு அச்சுத்தாள்களையும் அருகருகே வைத்து நான்கு எண்களையும் ஒப்பிடுங்கள். கார்பன் மோனாக்சைடு இறங்கி ஆக்சிஜன் மட்டும் ஏறியிருந்தால் மகிழ வேண்டாம்; புதிய ஃபிளாஞ்ச் ஒன்று கசிகிறது. சோப்பு நீர் தெளித்தால் குளிர்ந்த எஞ்சினில் ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்தில் குமிழி காட்டிக்கொடுக்கும்.

500 கிலோமீட்டர் ஓடியதும், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எக்சாஸ்ட் நட்டுகளை ஒரு முறை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள், வேக்குவம் ஹோஸ்களின் நுனிகளை விரலால் அசைத்துப் பாருங்கள். பாரத் ஸ்டேஜ் 4க்கு முந்தைய கார்களுக்குப் புகைச் சான்றிதழ் ஆறு மாதமே செல்லும். ஒவ்வொரு முறையும் வரும் அச்சுத்தாளைச் சர்வீஸ் நோட்டில் ஒட்டி வைத்தால், அடுத்த பழுது எஞ்சினில் சத்தமாக வெளிப்படும் முன்பே எண்ணில் தெரிந்துவிடும்.